கதிர் முற்றும் முன்னரே நன்றி



மார்கழி மாதத்தில் ஒட்டுசுட்டான் பகுதியில் விடியற்காலம் எப்படியிருக்கும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். இரவு முழுவதும் பெய்த மழை ஓய்ந்திருக்கும். கூரையிலிருந்து மட்டும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். குளத்து நீரைத் தடவிக்கொண்டு வரும் வாடைக் காற்று கதவு இடுக்கால் நுழைந்து எலும்பைத் தொடும். சைவ அயலவர்கள் திருவெம்பாவைக்காக எழுந்து நீராடித் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்குப் புறப்படுவார்கள். நம் வீடுகளில் தாய்மார் ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டுவார்கள். இரவெல்லாம் யானைக்கும் பன்றிக்கும் வயலில் காவலிருந்த தகப்பன், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து வருவார். அவர் கையில் ஒரு கோப்பை பிளேன்ரீ கொடுக்கப்படுகின்றது. அதை வாயில் வைப்பதற்கு முன், நடுங்கும் கையினால் அவர் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கின்றார்.

அந்தச் சிலுவை அடையாளத்தைப் பற்றியே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

எதற்காக அவர் நன்றி செலுத்துகின்றார்? வயல் இன்னும் பச்சையாக நிற்கின்றது. முன்னதாக விதைத்த துண்டுகள் குடலை தள்ளியிருக்கின்றன; பிந்தி விதைத்தவை இன்னும் புல்லாகவே இருக்கின்றன. சென்ற போகத்து நெல்லில் கடைசி மூடை அடியைத் தொட்டுவிட்டது. மனைவியின் காதிலும் கழுத்திலும் கிடந்தவை விதைநெல்லுக்கும் பசளைக்கும் உழவு இயந்திரக் கூலிக்குமாக அடகுக்குப் போய்விட்டன. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்கின்றது என்ற செய்தி மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் மழை இன்னும் ஒரு கிழமை விடாமல் பெய்தால் அதே வெள்ளம் வயலை மூடிவிடும். 2018ஆம் ஆண்டு நத்தாருக்குச் சில நாட்களே இருக்கையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் புகுந்து, குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்க நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே வன்னி விவசாயிக்கு மார்கழி என்பது கையில் ஒன்றுமில்லாத மாதம். நம்பிக்கை மட்டுமே வயலில் நிற்கின்ற மாதம்.

அப்படியானால், தை மாசியில் அரிவு வெட்டி, சூடடித்து, மூடை கட்டி, கடனையும் கொடுத்து முடித்த பின்னர் நன்றி சொன்னால் போதாதா?

போதாது என்றே நற்செய்தி நமக்குக் கற்பிக்கின்றது. ஆண்டவர் யேசு எப்பொழுதெல்லாம் தந்தைக்கு நன்றி செலுத்தினார் என்பதைச் சற்று உற்று நோக்குங்கள். வனாந்தரத்தில் ஐயாயிரம் பேர் பசியோடு அமர்ந்திருந்தார்கள். கையில் இருந்தவை ஒரு சிறுவன் கொண்டுவந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களுமே. வாற்கோதுமை அக்காலத்து ஏழைகளின் உணவு; நம் குரக்கனைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கூடைகள் மீந்த பின்னர் யேசு நன்றி செலுத்தவில்லை. ஐந்து அப்பங்கள் ஐந்தாகவே இருந்த வேளையில் நன்றி செலுத்தினார்.

பெத்தானியாவில் இலாசரின் கல்லறைக்கு முன்னால் நின்றபோதும் அப்படித்தான். கல் புரட்டப்பட்டுவிட்டது, ஆனால் இறந்தவன் இன்னும் உள்ளேயே கிடக்கின்றான், சகோதரிகள் அழுதுகொண்டு நிற்கின்றார்கள். அந்நேரத்தில்தான் அவர் கண்களை உயர்த்தித் தமது மன்றாட்டைக் கேட்டருளியதற்காகத் தந்தைக்கு நன்றி கூறினார். அதற்குப் பின்னரே இலாசரைக் கூப்பிட்டார்.

இறுதியாக, தாம் காட்டிக்கொடுக்கப்படவிருந்த அந்த இரவு. மறுநாள் சிலுவை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி செலுத்தினார். நாம் ஞாயிறுதோறும் பங்கெடுக்கும் நற்கருணைக்கு ஆதித் திருச்சபை கிரேக்க மொழியில் கொடுத்த பெயரின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதாகும். நமது வழிபாட்டின் மையமே, விடுதலை இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இரவில் சொல்லப்பட்ட நன்றிதான் அல்லவா?

நிற்க. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பட்டிக்காரர் எழுந்து, "சுவாமி, செத்துப்போன என்ரை மாடுகளுக்கும் நான் நன்றி சொல்ல வேணுமோ?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

இது வெறும் வாதத்துக்காகக் கேட்கப்படும் கேள்வி அன்று. 2022ஆம் ஆண்டு மார்கழியில், வங்கக் கடலில் 'மாண்டஸ்' புயல் வீசிய நாட்களில், ஒருபோதும் காணாத குளிர் காற்று வடக்கிலும் கிழக்கிலும் அடித்தது. ஓரிரு இரவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் விறைத்து மடிந்தன. வன்னியில் வயல் விதைத்துவிட்டால் மாடுகளுக்கு மேய்ச்சற்றரை குறைவு. காட்டோரங்களிலும் வெளிகளிலும் கூரையின்றி நிற்கும் பட்டிகள் அவை. விடிந்து போய்ப் பார்த்தவர்கள் கண்டது, சேற்றில் கால் நீட்டிக் கிடந்த பசுக்களையும் கன்றுகளையும். அந்த ஆண்டு எத்தகையது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2021இல் செயற்கைப் பசளை தடைசெய்யப்பட்டு விளைச்சல் விழுந்திருந்தது. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்தோம். பலருக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த கையிருப்பு அந்த மாடுகளே. அதுவும் ஓர் இரவில் போயிற்று.

அவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இல்லை ஐயா, மாடு செத்ததற்கு நன்றி சொல்லும்படி இறைவன் உங்களைக் கேட்கவில்லை. தீமையை நன்மை என்று சொல்லுவது விசுவாசம் அன்று, அது பொய். புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது, எல்லாவற்றுக்காகவும் நன்றி சொல்லுங்கள் என்று எழுதவில்லை. எந்த நிலையிலும் நன்றியுள்ளவர்களாக இருக்கும்படியே கேட்டுக்கொண்டார். 'அதற்காக' என்பது வேறு, 'அதன் நடுவிலும்' என்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய ஏற்பாட்டில் அபக்கூக்கு இறைவாக்கினர் சொல்லியிருப்பதை வாசித்துப் பாருங்கள். மூன்றாம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி. அத்திமரம் பூக்கவில்லை, ஒலிவமரம் ஏமாற்றிவிட்டது, வயலில் விளைச்சல் இல்லை, பட்டியில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடும் இல்லை என்று அவர் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கின்றார். இழப்பு எதையும் அவர் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பின்னரே, ஆயினும் ஆண்டவரில் நான் மகிழ்வேன் என்ற கருத்தில் தன் மன்றாட்டை நிறைவுசெய்கின்றார். முதலில் கணக்கு, பின்னர் கண்ணீர், அதன் பின்னர் நன்றி. தொழுவம் வெறுமையாகக் கிடந்த அந்தப் பட்டிக்காரரின் மன்றாட்டு வேத புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இழப்பை மறைப்பதென்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. நம் குடும்பங்களில் பாதி இன்று பனி நாடுகளில் அல்லவா இருக்கின்றன? கனடாவிலிருந்து மகன் தொலைபேசி எடுக்கின்றான். அங்கே தண்ணீர் உறையும் குளிர். முழங்கால் அளவு பனியில் நடந்து, இரவு வேலை முடித்துத் திரும்பியிருக்கின்றான். "அம்மா, அங்கை மழையோ?" என்று கேட்கின்றான். முற்றத்தில் வெள்ளம் நிற்கின்றது. "ஓம் ராசா, சும்மா தூறல்தான். உனக்குக் குளிர் எப்படி?" என்கின்றாள் தாய். "பெரிசா இல்லை அம்மா, வீட்டுக்குள்ளை சூடுதான்" என்கின்றான் மகன். இருவரும் ஒருவரையொருவர் நோகப்பண்ணாமலிருக்கக் குளிரை மறைக்கின்றார்கள். அன்பினால் செய்கின்ற காரியம் அது. ஆனால் இறைவனிடம் அப்படி மறைக்க வேண்டியதில்லை. எனக்குக் குளிருகின்றது ஆண்டவரே என்று சொல்லலாம். அதைச் சொன்ன வாயால் சொல்லப்படும் நன்றியே உண்மையான நன்றியாகும்.

இப்படிப்பட்ட நன்றி நம் மண்ணுக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரனைப் போன்ற கோலத்தில் இந்நாட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இரவில் நடந்து இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அந்தச் சிறையிருப்பிலும் ஒரு கொட்டிலைக் கோவிலாக்கி நன்றிப் பலி செலுத்தினார். அவருடைய உழைப்பின் அறுவடையை அவர் முழுமையாகக் காணவில்லை. 1711 தை 16இல் கண்டியில் இறந்தார். 2015 தை 14இல் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்திய திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், அன்றே மடு அன்னையின் சந்நிதிக்கும் வந்து, போரினால் நொந்த மக்களோடு மன்றாடினார். விதைத்தவருக்கும் அறுத்தவர்களுக்கும் இடையில் முந்நூறு ஆண்டுகள்!

அவ்வளவு தூரம் போவானேன்? 2008ஆம் ஆண்டு மார்கழியை வன்னியில் கழித்தவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். கார்த்திகைக் கடைசியில் 'நிஷா' புயலின் வெள்ளம். அதன் மேல் இடப்பெயர்வு. ஒட்டுசுட்டானை விட்டுக் கிழக்கே நகர்ந்த மக்கள், அந்த நத்தாரைத் தறப்பாள் கொட்டில்களின் கீழ்ச் சேற்றில் கழித்தார்கள். அடுத்த மாதங்களில் வரவிருந்தது என்ன என்பதை அன்று அவர்கள் அறியார்கள். ஆயினும் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலனுக்கு முன்னால் முழந்தாளிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. எஞ்சியவர்கள் திரும்பி வந்து, பற்றை வெட்டி, மீண்டும் அதே வயலில் விதைத்தார்கள். அவர்கள் நெற்றியில் வரையும் சிலுவை அடையாளத்துக்கு முன்னால் நமது பிரசங்கங்கள் எம்மாத்திரம்?

வயலில் வெட்டிய பயிரின் ஒட்டுக்குத் தீ வைத்துச் சுட்ட இடமாகையால் ஒட்டுசுட்டான் என்ற பெயர் வந்தது என்று ஊர்ப் பெரியோர் சொல்வார்கள். நெருப்பின் பெயரைத் தாங்கிய ஊரில் இந்த மாதத்துக் குளிர். இதை நினைக்கும்போது தானியேல் ஆகமத்தில் வரும் மூன்று இளைஞர்கள் கண்முன் வருகின்றார்கள். எரிகின்ற சூளைக்குள் எறியப்பட்ட அவர்கள் அங்கே நின்று புகழ்பாடினார்கள். அந்தப் பாட்டிலே நெருப்பையும் வெப்பத்தையும் மட்டுமன்றி, குளிரையும் பனியையும் உறைபனியையும் கூட ஆண்டவரைப் போற்றும்படி அழைக்கின்றார்கள்! கடவுள் தங்களைக் காப்பாற்றாவிட்டாலும் தாங்கள் பொற்சிலையை வணங்கப்போவதில்லை என்று சூளைக்குள் போகுமுன்னரே அரசனிடம் சொல்லிவிட்டவர்கள் அவர்கள். பலனைக் கண்ட பின் நன்றி சொல்பவன் பலனை நம்புகின்றான். பலனைக் காணுமுன் நன்றி சொல்பவன் கடவுளை நம்புகின்றான்.

ஆகவே, அன்பர்களே, இந்த மாரிகாலத்தில் மூன்று காரியங்களைச் செய்வோமாக.

முதலாவது, மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது, கேட்க வேண்டியவற்றைக் கேட்குமுன், அன்றைய நாளிலிருந்து ஒன்றுக்கு ஒவ்வொருவரும் வாய்விட்டு நன்றி சொல்லட்டும். பெரிய காரியங்கள் வேண்டாம். ஈர விறகு பற்றிக்கொண்டது, பள்ளிக்கூடம் போன பிள்ளை நனையாமல் வந்தது, குளத்தில் இரண்டு விரால் மீன் பட்டது, இவை போதும். சிறு பிள்ளைகள் இதில் நம்மை வென்றுவிடுவார்கள்.

இரண்டாவது, நன்றி சொன்ன வாயோடு கையும் வரட்டும். ஒழுகாத கூரையின் கீழிருந்து நன்றி சொல்பவன், ஒழுகும் கூரையின் கீழிருக்கும் அயலவனை எட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் தறப்பாள் ஒன்று, பழைய போர்வை ஒன்று, பக்கத்து வீட்டுக் கன்றுக்குப் போர்த்த ஒரு சாக்கு. ஒரு மாட்டுக் கொட்டிலுக்குக் கூரை போட நான்கு இளைஞர்களின் ஒரு பிற்பகல். பட்டிக்காரரின் கேள்விக்கு நாம் கொடுக்கக்கூடிய சிறந்த பதில் இதுவே. கடல் கடந்திருக்கும் பிள்ளைகளும் இதில் பங்கெடுக்கலாம். அங்கே தனியே இருக்கும் தமிழ் முதியவர் ஒருவரின் வாசற் பனியை அள்ளிவிடுவதும் இதே நன்றிதான்.

மூன்றாவது, தை பிறந்து புதிர் எடுக்கும்போது, முதற்படி அரிசியை வயல் இல்லாத ஒரு வீட்டுக்கென்று இப்பொழுதே நேர்ந்துவிடுங்கள். விளைந்த பின் பார்ப்போம் என்று சொல்லாதீர்கள். பச்சை வயலைப் பார்த்துக்கொண்டு கொடுக்கும் வாக்கில்தான் விசுவாசம் இருக்கின்றது.

நாளை விடியற்காலை மீண்டும் குளிரும். அடுப்பு மீண்டும் புகையும். படலை திறக்கும்; ஒரு கோப்பை பிளேன்ரீ நீட்டப்படும். அதைக் குடிக்குமுன், நெல் இன்னும் முற்றாதிருக்கையிலேயே, நாமும் சிலுவை அடையாளம் வரைந்து சொல்வோம்: ஆண்டவரே, இந்தச் சூட்டுக்கும் இந்த நாளுக்கும் உமக்கு நன்றி. மீதியை உமது கையில் விடுகின்றோம்.

இறை ஆசீர் உங்கள் வீடுகளிலும் வயல்களிலும் தங்குவதாக.