கார்டை மாற்றினால் பக்தி குறையுமா?

சேர்வராயன் குகைக்கோயில் இருக்கும் மலையிலேயே, ஏற்காட்டில், தேவாலயங்களும் உண்டு. கிதார் பழகுகிறவர் கூட்டத்தோடு சேர்ந்து வாசித்துப் பார்க்க ஞாயிறு ஆராதனையைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. சினிமாப் பாட்டைத் தன் விரலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. துதிப் பாட்டை மாற்றலாமா? மாற்றலாம் என்பதே என் எண்ணம். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே ரகமல்ல. மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு கீர்த்தனை என்று வைத்துக்கொள்வோம். ‘சி’ ஷட்ஜம் என்றால், மத்யமத்தில் நிற்கும் அடிக்கு எஃப் மைனர் கார்டு பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் ஒருசேர அமுக்க வேண்டிய பிடி அது. புதியவர் கையில் பாதிக் கம்பி ‘டப்’பென்று அடங்கிவிடும். எஃப் மேஜரின் சின்னப் பிடி எளிது. ஆனால் அதில் ஒலிக்கும் ‘ஏ’ சதுஸ்ருதி தைவதம், ராகத்தில் இருப்பதோ சுத்த தைவதம். பாடுகிறவர்களின் குரலோடு அது உரசும். அங்கே கார்டையே விட்டுவிட்டு, நாலாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் ‘எஃப்’ஐ மட்டும் மீட்டினால் விரலும் தப்பும், ராகமும் கெடாது.

துதிப் பாட்டை வந்தபடியே பாட வேண்டும், நம் வசதி அதற்குள் நுழையக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். வேத மந்திரத்துக்கு அது சரி. ஸ்வரம் பிசகினால் பொருளே பிசகும் என்பது அந்த மரபு. கீர்த்தனை அப்படி வளரவில்லை. தியாகராஜரின் கிருதிகளே உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டைச் சீடர் வழிகளில் வெவ்வேறு பாடாந்தரங்களாக வந்திருக்கின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவத் துதியைக் கர்நாடக ராகங்களில் பாடியபோது, வந்தபடியேதான் பாடுவேன் என்று இருந்திருந்தால் இந்தக் கீர்த்தனைகளே பிறந்திருக்காது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: கருவிக்கு எட்டவில்லை என்பதற்காகப் பாட்டையா குறைப்பது? பெரியபுராணத்தில் இதே இக்கட்டு வருகிறது. தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய யாழ்முரிப் பதிகம் யாழுக்குள் அடங்கவில்லை. உடன் வாசித்துக் கூசிப்போன திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்த அளவுக்கே வாசிக்கச் சொன்னார். அப்படியானால் பாட்டு மாறவில்லை, யாழ்தானே ஒதுங்கியது என்று கேட்கலாம். ஆமாம், நான் சொல்வதும் அதுதான். எட்டாத இடத்தில் யாழ் பேசாமல் இருந்தது. பொய்ச்சுரம் ஒன்றைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பவில்லை. ஒற்றைக் கம்பியில் ‘எஃப்’ மீட்டுகிறவர் அந்த யாழின் பக்கம் நிற்கிறார். விரலுக்கு வந்த எஃப் மேஜரை முழுக் கையால் வீசி அடிக்கிறவருக்குத் தன் கிதார் காதில் விழுகிறது. பக்கத்தில் சபை எந்தத் தைவதத்தில் பாடுகிறது என்பது விழவில்லை.