ஆடித் திரட்டிய பணம்

ஊரில் துயரம் நடந்துகொண்டிருக்கும்போது பாட்டும் ஆட்டமும் வைத்துப் பணம் திரட்டலாமா? வெள்ளமோ போரோ, எது வந்தாலும் எங்காவது ஒரு கலை இரவு அறிவிக்கப்படுகிறது. கூடவே இந்தக் கேள்வியும் எழுகிறது. கொடுக்க நினைப்பவர் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே, நடுவில் டிக்கெட் எதற்கு, கூத்து எதற்கு? இப்படிக் கேட்பவர்களின் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கேள்வி எழும்போதெல்லாம், 1982 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த ஓர் இரவைத்தான் என் மனம் பதிலாக எடுத்து நீட்டுகிறது.

மன்ஹாட்டனின் கிங் தெருவில், 84-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது பாரடைஸ் கராஜ். முன்பு வண்டிகள் நிறுத்திய இடம். கார்கள் ஏறிய அதே சாய்தளத்தில் நடந்துதான் ஆடுகளத்துக்குப் போகவேண்டும். உறுப்பினர் அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. மது விற்கமாட்டார்கள், பழங்கள் இருக்கும், குடிக்க ஏதாவது இருக்கும். சனி இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு பகல்வரை நீளும். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களிலும் பலர் தற்பாலீர்ப்பு ஆண்கள். தெருவில் கைகோத்து நடக்க முடியாதவர்களுக்கு அந்தக் கூரையின் கீழ் யாரிடமும் எதையும் மறைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. இசைத்தட்டுகளை ஓட்டியவர் லாரி லெவன். ஒலிப்பெருக்கிகளை அமைத்தவர் ரிச்சர்ட் லாங். அந்த அடிநாதம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடும் என்று அங்கே ஆடியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இந்த இசை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டு சுழல்மேடைகள், இரண்டு இசைத்தட்டுகள். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி டிஜே இணைக்கிறார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள். கேட்பவருக்கு ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பது தெரியாது. பாட்டு முடிந்தால்தானே உட்காரத் தோன்றும்? இங்கே அது முடிவதில்லை. ஜோடி தேவையில்லை. பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. லெவனின் இளமைக்கால நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977-இல் சிகாகோவுக்குப் போய் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் இதையே செய்தார். அங்கே டிரம் மெஷினும் சிந்தசைசரும் சேர்ந்து ஹவுஸ் இசை பிறந்தது. இன்று பெரும் அரங்குகளில் லேசர் ஒளியோடு நடக்கும் மின்னணு நடன இசை இரவுகளின் வேர்கள் இப்படிப்பட்ட அறைகளில் இருக்கின்றன. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட இசை இது. இதை வெறும் கேளிக்கை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

அந்த அறைகளுக்குள்தான், பின்னால் எய்ட்ஸ் என்று பெயர்பெற்ற நோய் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிதான ஒரு நிமோனியா வந்ததைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூன் 5-ஆம் தேதி வெளியானது. ஆகஸ்டில் எழுத்தாளர் லாரி கிரேமரின் நியூயார்க் வீட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள் கூடி ஒரு மருத்துவர் பேசுவதைக் கேட்டார்கள். ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்றார் அவர். அன்று சேர்ந்தது 6,635 டாலர். அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களில் இந்த நோய்க்கென வேறு புதுப் பணம் அநேகமாக எங்கிருந்தும் வரவில்லை. 1982 தொடக்கத்தில் அவர்களில் ஆறு பேர் சேர்ந்து கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். ஏப்ரலில் அதற்கு நிதி திரட்டும் இரவு பாரடைஸ் கராஜில் நடந்தது. 50,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

ஆயிரங்களில் நின்றது எப்படி அரை லட்சத்தைத் தாண்டியது? பெரிய இடம், நிறைய டிக்கெட் என்பது எளிய விடை; உண்மையும்கூட. ஆனால் அதற்கு அப்பாலும் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். அந்த ஏப்ரலில் நோய்க்கு எய்ட்ஸ் என்ற பெயர்கூடக் கிடையாது. அது அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. எப்படிப் பரவுகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆண்டுகளில் நோயாளியின் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போன மருத்துவமனை ஊழியர்கள் இருந்தார்கள். தொடவே பயந்த காலத்தில் இவர்கள் ஒருவர் வியர்வை மற்றவர்மேல் பட ஆடினார்கள். பயந்தவன் வீட்டில் தனியாக இருக்கும்போது, தன் பயத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே பணப்பையையும் மூடி வைத்துக்கொள்கிறான். பக்கத்தில் நூறு பேர் அதே பயத்தோடு அசைவதைப் பார்க்கும்போது அவனால் அதை ஒப்புக்கொள்ள முடிகிறது. ஒப்புக்கொண்டவனுக்குத்தான் கொடுக்க வருகிறது.

அன்றைய இரவைப் புனிதமாக்கவும் நான் விரும்பவில்லை. அமைப்பைத் தொடங்கிய ஆறு பேரும் வெள்ளையர்கள். ஆடுகளமோ கறுப்பர்களும் லத்தீன் மக்களும் உயிர்கொடுத்து வளர்த்தது. பிந்தைய ஆண்டுகளில் இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கியதும் அவர்களைத்தான். உதவி எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. கிளப்பின் உரிமையாளர் மைக்கேல் பிராடியே 1987-இல், கராஜ் மூடப்பட்ட சில மாதங்களுக்குள், எய்ட்ஸால் இறந்துபோனார். ஓர் இரவு ஒன்றாக ஆடிவிட்டால் மனிதருக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு கரைந்துவிடும் என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது.

இருந்தும், பிறகு நடந்ததைப் பாருங்கள். மே மாதம் ஒரு தன்னார்வலரின் வீட்டுத் தொலைபேசியே நோயாளிகளுக்கான உதவி எண் ஆனது. முதல் இரவே நூறுக்கு மேல் அழைப்புகள். நோயாளி ஒருவருக்குத் துணையாக ஒரு தன்னார்வலர் என்ற ஏற்பாடும் உருவானது. கடைக்குப் போய்வருவது, சமைப்பது, வீட்டைப் பெருக்குவது, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. பெற்ற குடும்பம் கைவிட்ட எத்தனையோ பேரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்கள் இந்தத் துணைவர்கள்தான். நாட்டின் அதிபர் எய்ட்ஸைப் பற்றிப் பொதுவில் வாய்திறக்க 1985 வரை ஆயிற்று.

கொடுப்பவர் ஒரு பக்கமும் பெறுபவர் ஒரு பக்கமுமாக நின்றால் நடுவில் ஒரு படிக்கட்டு வந்துவிடுகிறது. மேலிருந்து கை கீழே நீள்கிறது; வாங்குபவர் குனிகிறார். கராஜில் ஆடிய பலருக்கு அடுத்த மாதம் தாங்களே படுக்கையில் கிடக்கலாம் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பணத்தில் இரக்கத்தின் வாடை இல்லை. நேரடியாக அடிபடாதவர்களும் இப்படிப் பக்கத்தில் வந்து நிற்க முடியும் என்பதை 2022 ஜூலையில் உக்ரைன் இளைஞர்கள் காட்டினார்கள். யாஹிட்னே என்ற கிராமத்தில் ரஷ்யப் படையினர் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஏறக்குறைய ஒரு மாதம் பள்ளியின் நிலவறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கேயே இறந்தவர்களும் உண்டு. படைகள் போனபின் சுமார் இருநூறு பேர் மண்வெட்டியோடு அங்கே போய், ஒரு டிஜே டெக்னோ வாசிக்க, குண்டுவீச்சில் நொறுங்கிய கலாசார மன்றத்தின் இடிபாடுகளை அள்ளினார்கள். அவர்கள் தந்தது உடலுழைப்பு. இசை அந்த உழைப்பைத் தாங்கிப் பிடித்தது.

ஆகவே எல்லாக் கலை இரவுகளும் எனக்கு ஒன்றல்ல. பாதிக்கப்பட்டவரின் முகம் பதாகையில் மட்டும் இருந்து, அவருக்கு அரங்கினுள் இடமில்லாத நிகழ்ச்சிகள் உண்டு. வரவு செலவு கடைசிவரை வெளியே வராத நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றின் மீது கோபப்படுபவர்களோடு நானும் கோபப்படுவேன். யாருக்காக இந்த இரவோ அவர்கள் நம் பக்கத்தில் ஆடுவார்களா, திரண்ட பணம் எந்த வீட்டுக்கு எந்தக் கை வழியாகப் போகும், நாளை மறுநாள் அங்கே சமைக்கவும் பெருக்கவும் ஆள் இருக்கிறார்களா என்று டிக்கெட் நீட்டுபவரிடம் கேட்பேன். அவர் நேராகப் பதில் சொன்னால் இரண்டு டிக்கெட்டாக வாங்கிக்கொண்டு, ஆடக் கூச்சப்படும் ஒருவரையும் இழுத்துக்கொண்டு வருவேன்.