பின்னால் நின்றவன் எங்கே?



1985 டிசம்பரில் கன்னியாகுமரியிலிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் புறப்பட்டது. தொழுநோயாளிகளுக்காக ஆனந்தவனத்தை உண்டாக்கின பாபா ஆம்தே அழைத்தார்; 16 பெண்கள் உட்பட 116 பேர். 'பாரத் ஜோடோ' என்று பேர். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, 1986-ல் ஜம்மு காஷ்மீரில் முடித்தார்கள். ஆம்தேக்கு முதுகெலும்பு வியாதி, உட்காரவே முடியாது. 71 வயதில் வண்டியில் படுத்தபடியே கூடப் போனார்.

அவர் நம்ம விசுவாசத்தார் அல்ல. ஆனாலும் இதைப் படித்த அன்று ஆவியானவர் என்னை உணர்த்தினார்.

ஆடி மாசம் திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு மிதித்தவர்களுக்கு அந்த மேல்காற்று தெரியும். கரிசக்காட்டில் மறைப்பே கிடையாது. முன்னே போகிறவன் காற்றை வாங்கினால், அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்குப் பாரம் குறையும். அப்புறம் ஆள் மாறிக்கணும்.

வாலிப நாளில் நாங்கள் ஐந்து பேர் அப்படித்தான் ஊழியத்துக்குப் போவோம். ஒருநாள் ஒருவனுக்குச் செயின் அறுந்துபோச்சு. "கூட்டத்துக்கு நேரமாச்சு, நீ மெதுவா வாடே" என்று சொல்லிவிட்டு நான் மிதித்தேன். அன்று நான் பிரசங்கித்தேன், ஜனங்கள் அழுதார்கள். அவனோ இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினான். அதற்குப்பின் சபைக்கு வரவேயில்லை.

தன் ஓட்டம் முடிந்ததென்று தீமோத்தேயுவுக்கு எழுதின அதே நிருபத்தில், மாற்குவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுகிறார் பவுல். பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்கு!

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போகிறேன். கூட யார் வர்றீங்க?