இடமா, ஆளா?

ஒரு வீட்டில் தினமும் பால் திரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பால்காரரை மாற்றுவோம். புதியவர் ஊற்றிய பாலும் திரிந்தால், "எல்லாரும் ஒரே ரகம்" என்று அங்கலாய்ப்போம். பாத்திரத்தை முகர்ந்து பார்க்கும் எண்ணம் கடைசியில்தான் வரும்; பல வீடுகளில் வருவதே இல்லை. தவறு ஆளிடம் இருக்கிறதா, அவர் நிற்கிற இடத்தில் இருக்கிறதா என்று எந்தச் சமையலறையிலும் கேட்கலாம். அதை ஒழுங்காகக் கேட்க நான் கண்டது போடிநாயக்கனூரில், ஒரு மோட்டார் பட்டறையில்.

என் நண்பர் ஒருவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் உண்டு. விலை நன்றாக இருந்த ஒரு வருஷம், வேகத்துக்கென்றே செய்த கார் ஒன்றை வாங்கினார். நாலு சிலிண்டர், டர்போ. போடியிலிருந்து முந்தல் வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. முந்தலுக்கு அப்பால் மெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏழெட்டு வளைவு ஏறியதும் இன்ஜின் விக்கும், வண்டி குலுங்கும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். இறங்கி வந்து பட்டறையில் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல உறுமும்.

அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும் நாலு சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு 100 முறை பொறி விழவேண்டும். ஒன்று தவறினால் கிராங்க் தண்டின் ஓட்டம் இம்மியளவு தளரும். அந்தத் தளர்வைக் கவனித்து, எந்தச் சிலிண்டர் என்றும் கார் குறித்து வைத்துக்கொள்கிறது. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். சிமிட்டினால் ஓரங்கட்டுவதே உத்தமம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்து, நச்சுப் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே உருக்கிவிடும்.

நண்பருக்கு இந்த விவரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஸ்கேனரில் 'இரண்டாவது சிலிண்டர்' என்று வந்ததும், "அப்புறம் என்ன மேஸ்திரி, ரெண்டாவது காயிலைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டுங்க" என்றார்.

"ரெண்டுல மிஸ்ஃபயர்னுதான் சொல்லுது மொதலாளி. காயில் கெட்டுப்போச்சுன்னு சொல்லலையே! ப்ளக்கா இருக்கலாம், இன்ஜெக்டரா இருக்கலாம், கம்ப்ரஷனே இல்லாமக்கூட இருக்கலாம்."

மேஸ்திரி செய்தது இதுதான். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றில் மாட்டினார்; மூன்றாவதை இரண்டில் மாட்டினார். பழைய குறிப்பை அழித்துவிட்டு, "மேலே ஏறிட்டு வாங்க. சிமிட்டினதும் திரும்பிடணும்" என்றார். நானும் கூடப் போனேன். ஒன்பதாவது வளைவில் விளக்கு சிமிட்டிற்று. திரும்பி வந்து பார்த்தால், இப்போது மூன்றாவது சிலிண்டர்! பழுது ஆளோடு கூடவே போயிருந்தது. இரண்டிலேயே நின்றிருந்தால் இடத்தைத் தோண்டவேண்டி இருந்திருக்கும்.

சமவெளியில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். ஏற்றத்தில் டர்போ காற்றைத் திணிக்கிறது. உள்ளே அழுத்தம் கூடக் கூட, ப்ளக்கின் சிறு இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு மின்னழுத்தமும் கூட வேண்டும். நைந்த காயிலுக்கு அது முடிவதில்லை. சமவெளியில் எல்லாக் காயிலும் நல்ல காயில்தான். மனிதர்களும் அப்படியே என்று எழுதினால், "இதோ ஆரம்பித்துவிட்டான்" என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

விளக்கு சொன்னதற்கு மேல் நாமாகப் படித்துக்கொள்வதால் வரும் வினைக்குப் பெரிய உதாரணம், அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28 விடியற்காலையில் அங்கே ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. விளக்கோ அணைந்துவிட்டது. 'மூடு' என்ற உத்தரவு போயிற்று என்பதைத்தான் அந்த விளக்கு காட்டும். மூடிற்றா என்பதை அல்ல. மூடிவிட்டதென்று நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீர் வெளியேறிற்று; அவசர நீரையும் குறைத்துவிட்டார்கள். உலையின் உள்பகுதி ஏறக்குறைய பாதி உருகிற்று. பழி, பொத்தான்களுக்கு முன்னால் நின்ற ஊழியர்கள்மேல் விழுந்தது. ஆனால் 1977 செப்டம்பர் 24இல், ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில், அதே கம்பெனி அமைத்த உலையில் இதே மாதிரி வால்வு சிக்கியிருந்தது. நின்றவர்கள் வேறு ஆட்கள். அவர்களும் அவசர நீரைக் குறைத்தார்கள். உலை அன்று 9 சதவீத சக்தியில்தான் ஓடிக்கொண்டிருந்தது, சுமார் 20 நிமிஷத்தில் கண்டுபிடித்து அடைத்தார்கள், பிழைத்தது. ஆளை மாற்றிய சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அதன் முடிவைத்தான் த்ரீ மைல் ஐலண்ட் ஊழியர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1979இன் விசாரணைக் குழு, ஊழியர்களின் தவற்றோடு நிற்காமல், அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியையும் கட்டுப்பாட்டு அறையின் அமைப்பையும் குறை கூறிற்று.

இவ்வளவும் நான் எழுதக் காரணம் காயில் அல்ல. என் நண்பரின் ஏலக்காய் ஸ்டோரில் ஒரு பையன் கணக்கு எழுதிவந்தான். 100 கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் 20 கிலோவை ஒட்டி வரவேண்டும். தொடர்ந்து எடை குறைந்தது. திருடன் என்று சொல்லிப் பையனை அனுப்பிவிட்டார். புது ஆள் வந்தும் எடை ஏறவில்லை. "மேஸ்திரி செய்த சோதனை உங்கள் ஸ்டோரிலும் நடந்துவிட்டதே" என்றேன். "புது ஆளும் திருடுறான் போலிருக்கு" என்றார் நண்பர்.

முற்றாத காயைப் பறித்தால் உலர்ந்தபின் எடை நிற்காது என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். விலை ஏறும்போது சீக்கிரம் பறிக்கச் சொல்லும் அவசரம் யாருக்கு வரும் என்பதும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் இடமே காரணம் என்றால் உலகத்தில் திருடனே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. இந்தச் சோதனை ஆளைத் தப்பவிடும் தந்திரம் அல்ல. அந்தக் காயிலுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்ததும் இதுவேதான். எனக்குள்ள சங்கடம் வேறு. இடம் மாறிய காயிலுக்குக் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதற்கு அவமானம் கிடையாது. மனிதனை மாற்றிப் பார்க்கும்போது சோதனையின் செலவு முழுவதும் மாற்றப்பட்டவன் தலையில் விழுகிறது. ஆகையால் ஆளை வெளியேற்றுமுன், முதலாளி ஒரு வாரம் தாமே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். நண்பரிடம் சொன்னேன். அவர் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

புதுக் காயில் போட்ட வண்டி 17 வளைவும் ஏறிவிட்டது. பையன் இப்போது போடியில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறான். நண்பர் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.