பிறர் ஊரில் மண் சுமத்தல்

ஆன்மாவைப் பற்றிய செருக்கு 'யான்' எனவும் 'எனது' எனவும் இருவகையால் வெளிப்படும். அவற்றுள் 'எனது' என்பது பொருளையும் சுற்றத்தையும் பிறந்த ஊரையும் பற்றி நிற்பது. தன்னூர்க் குளத்தைத் தூர்வாரும் ஒருவன் அறஞ்செய்கின்றானோ, தன் உடைமையைப் பேணுகின்றானோ என்பது பலகால் அவனுக்கே விளங்குவதில்லை. கடல் கடந்து சென்று, தன் மொழி அறியாத மக்களுக்குச் சுவர் எழுப்பியும், கூரை வேய்ந்தும், வழி செப்பனிட்டும், கூலி பெறாது மீள்கின்றவன் நிலை வேறு. அவ்வூர் அவனுக்கு 'எனது' அன்று. ஆகவே அவன் செயல் பற்றற்ற பணியாய்ச் சிவபுண்ணியத்தின் பாற்படுமோ, அன்றிப் பசுபுண்ணியமாய் ஒழியுமோ என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இத்தகைய தொண்டு இந்நாளில் பல நாடுகளிற் பரவியிருப்பினும், அதற்கு வழிகோலியவருள் ஒருவர் சுவிட்சர்லாந்து நாட்டினராகிய பியேர் செரசோல் என்பவர். அந்நாட்டின் தலைமைப் பதவி வகித்த ஒருவரின் மகனார், பொறியியல் கற்றவர், படைக்கென விதிக்கப்பட்ட வரியைச் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தவர். முதல் உலகப்போரில் அழிவெய்திய வெர்டன் நகரை அடுத்த எஸ்னெஸ் என்னும் பிரெஞ்சுச் சிற்றூருக்கு 1920-ஆம் ஆண்டின் இறுதியில் இவர் ஒரு சிறு குழுவினருடன் சென்று, இடிபாடுகளை அகற்றி மரக்குடில்கள் அமைக்கும் பணியைத் தொடங்கினார். பகை நாடாயிருந்த ஜெர்மனியைச் சேர்ந்தோரும் அக்குழுவில் இருந்தனர் என்பது கருதற்பாலது. பின்னர் 'சர்விஸ் சிவில் இன்டர்நேஷனல்' எனப் பெயர் பெற்ற தொண்டர் கூட்டம் அதினின்றும் வளர்ந்தது. 1928-ஆம் ஆண்டில் வெள்ளத்தால் பாழ்பட்ட லீக்டென்ஸ்டைன் என்னும் சிறு நாட்டில், பல நாடுகளினின்றும் வந்த 700-க்கு மேற்பட்டோர் மண்ணும் கல்லும் வாரினர்.

1934-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள் பீகார் நாட்டையும் நேபாளத்தையும் பெருநிலநடுக்கம் அலைத்தது. பதினாயிரவர்க்கு மேல் மாண்டனர். நிலம் பிளந்து மணலும் நீரும் மேலெழுந்து விளைநிலங்களை மூடின. இராஜேந்திர பிரசாத் அவர்கள் தலைமையில் துயர்நீக்கும் பணி நிகழ்ந்தது. செரசோல் அவ்வாண்டிலேயே இந்தியா போந்து, தம் நாட்டாரும் ஆங்கிலேயரும் ஆகிய மிகச் சிலருடன், முசப்பர்ப்பூர்ப் பகுதியில் வெள்ளம் ஏறாத இடங்களிற் புதிய ஊர்கள் அமைக்கும் வேலையில் ஈடுபட்டனர். அப்பணி 1937 வரை நடந்தது.

ஈண்டு ஓர் ஆசங்கை. வீடிழந்தோர் தத்தம் பிராரத்தத்தையன்றோ நுகர்கின்றனர்? இடைபுகுந்து அதனை மாற்ற முயலுதல் இறைவன் ஆணைக்கு முரணாகாதோ எனின், ஆகாது. என்னை? வினை சடம்; தானே வந்து பொருந்தமாட்டாது. அதனைக் கூட்டுவிப்பவன் இறைவன். விழும் சுவரை வாயிலாகக் கொண்டு துன்பத்தைக் கூட்டிய அவனே, எடுக்கும் கையை வாயிலாகக் கொண்டு இன்பத்தையும் கூட்டுவிப்பன். இந்நிலநடுக்கத்தைக் குறித்து, தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் விதித்த தண்டம் இது எனக் காந்தியடிகள் திருநெல்வேலியிற் பேசினார். தாகூர் அதனை வன்மையாக மறுத்தார். தீண்டாமை பெரும் பாவமே, அதில் ஐயமில்லை. ஆயினும் எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பொழுது பயன்தரும் என்பது முற்றறிவுடைய ஒருவனுக்கே புலனாவது. இடிபாட்டின் கீழ் கிடப்பவனுடைய வினைக்கணக்கை மேலே நின்று படிக்க முயல்வோன் தனக்கில்லாத அறிவை மேற்கொண்டவனாவன். மண்கூடையை எடுத்தவன் அப்பிழையினின்றும் தப்பினான்.

இனி, இப்பணி சிவபுண்ணியமோ என்பது. மக்களுக்குச் செய்யும் தொண்டெல்லாம் மகேசனுக்கே செய்வதாகும் என்று இக்காலத்தார் எளிதிற் கூறி, அதற்குத் திருமூல நாயனாரையும் சான்று காட்டுவர். நடமாடக் கோயில் என நாயனார் கூறியது மாகேசுர பூசை என்னும் பகுதியில். அவ்விடத்து அடியவரைக் குறித்தே கூறினார். பொதுவாக மக்கள் எல்லாரையும் குறித்ததாக அதனை விரித்துரைப்பது இடம் நோக்காத உரையாம். நல்ல கொள்கைக்காயினும் நூலை நெகிழ்த்தல் ஆகாது. சிவனை நினையாது செய்த நல்வினை இன்பப் பயனைத் தந்து கழிவதேயாம், பொன்விலங்கும் விலங்கே.

ஆயினும் செயலின் வடிவு மாத்திரையால் புண்ணியபாவம் துணியப்படுவதன்று. தந்தையின் தாளை வெட்டிய சண்டேசர் செயல் அறமாயிற்று. தக்கன் செய்த வேள்வி தீங்காய் முடிந்தது. ஆகவே மண் சுமந்தான் என்பது கொண்டு ஒன்றும் சொல்லவியலாது. எந்நிலையில் நின்று சுமந்தான் என்பதே நோக்கப்படும். சரியை தாதமார்க்கம் எனப்படும். தாதனாவான் அடிமை. அடிமை வேலையைத் தேர்ந்துகொள்வதில்லை.

பிறநாட்டுத் தொண்டன் இடறுமிடம் இதுவே. அவனிடத்து 'எனது' தேய்ந்தது உண்மை. அது தேய்ந்த இடத்தில் 'யான்' பருத்து நிற்றலும் உண்டு. யான் கடல் கடந்து வந்தேன், யான் இவர்க்கு வீடு கொடுத்தேன் என்னும் எண்ணம் உள்ளூரில் குப்பை வாருவோனுக்கு அத்துணை எளிதில் எழாது. இக்காலத்தில் இளைஞர் பொருள் செலுத்தி அயல்நாட்டு ஊர்களுக்குச் சென்று சில வாரம் சுவர் கட்டித் திரும்புகின்றனர். அவ்வூரில் வேலையின்றி இருக்கும் கொத்தனார் அதனைப் பார்த்து நிற்பதும், கட்டியது கோணலாயின் அவரே பின்னர்ப் பிரித்துக் கட்டுவதும் நிகழ்வனவே. அவ்வூரார்க்கு வேண்டுவது கிணறாயிருக்க, வந்தவர் விரும்பியது பள்ளிச்சுவராயிருத்தலும் கூடும். ஆங்கே ஏவுவோன் தொண்டனாயினான். ஏவல் கேட்போர் ஊரார் ஆயினர். இதனை அடிமைத்திறம் என்பது எங்ஙனம்?

வந்திக்குக் கூலியாளாய் வந்த பெருமானை நினைக்க. வையைக் கரையில் அம்மூதாட்டியின் பங்கு எதுவோ அதனையே அடைக்க இசைந்தான். உதிர்ந்த பிட்டே கூலி. தான் இன்னான் என உரைத்திலன். (இடையிடையே ஆடியதும் உறங்கியதும் அவன் திருவிளையாடல், தொண்டர் அதனைப் பின்பற்ற வேண்டுவதில்லை.) பிரம்படியும் ஏற்றான். கூலி பெற்றது கொண்டு அவன் அருள் குறைந்ததன்று. கூலியாளாய் நின்றமையாலேயே வந்தி கடன்பட்டவள் ஆகாது காக்கப்பட்டாள். கொடுப்போன் கை தாழ்ந்திருக்கப் பெறுவோர் தலை நிமிர்ந்திருந்த பணி அது.

புகலூரில் உழவாரம் ஏந்திய திருநாவுக்கரசு சுவாமிகள் முன்னர்ப் பொன்னும் மணியும் தோன்றியபொழுது, அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்ப எண்ணி வாவியில் எறிந்தனர். பணி செய்வோன் நிலத்தில் இக்காலத்து முளைக்கும் பொன், புகழ்மாலையும் புகைப்படமும் ஆம். அதனை எறிய வல்லவன் தன்னை அறியாமலே சிவநெறியின் வாயிலை அணுகினவன் எனலாம். அவன் சிவநாமம் அறியாதவனாயினும் ஆகுக. திருமறைக்காட்டில் நெய்யுண்ண வந்த எலி விளக்கைத் தூண்டியது வழிபாடென்று அறிந்தோ தூண்டிற்று? அதற்கும் மாவலியாம் பிறப்பளித்த பெருமான், அறியாது செய்வோர் பணியையும் தன் திருவுளத்தின்படி எடையிட வல்லன். எலி தூண்டியது சிவனுடைய விளக்கு. இவன் எழுப்பியது ஓர் ஏழையின் சுவர் என்னும் வேற்றுமை உண்டென்பதும் மறுக்கப்படவில்லை. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை அளக்கும் கோல் மாந்தர் கையில் இல்லை.

எஸ்னெஸ் ஊரில் நிகழ்ந்ததும் ஈண்டு நினையத்தகும். ஜெர்மானியர் தம் மண்ணில் உழைப்பதை ஆங்குள்ளோர் பொறுத்திலர்; அதிகாரிகளும் இசைந்திலர். குளிர்காலம் முழுதும் உழைத்தவர்க்கு மாலையும் இல்லை, நன்றியும் இல்லை. 1921-ஆம் ஆண்டில், தொடங்கிய வேலை முற்றுப்பெறு முன்னரே, அவர்கள் அவ்வூரை விட்டு நீங்கினர்.