விரதமும் வழக்கமும்

சரீரம் பூரித்திருப்பதைச் சௌக்கியத்தின் அடையாளமாகக் கொண்டாடிய தலைமுறைகள் பல வாழ்ந்து மறைந்த ஊர் எங்கள் திருநெல்வேலி. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராகச் செழிப்பூட்டிக்கொண்டே சென்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணிக்கு இரண்டு பருவமழைகளும் நீர் தருவதால், காரும் பிசானமுமாக இரு போகம் நெல் விளைந்து, வாழையும் தேங்காயும் குறைவறக் கிடைத்த நாடு இது. அப்படியிருந்தும், பஞ்ச காலங்களின் நினைவைச் சுமந்து வாழ்ந்த முன்னோர்களுக்கு, ஒருவன் மெலிந்து போனான் என்றால் அவன் வீட்டில் வறுமையோ உடம்பில் வியாதியோ புகுந்துவிட்டது என்றே தோன்றும். அந்த எண்ணம் இன்றும் எங்கள் வீதிகளை விட்டு அகலவில்லை. உடல் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சங்கற்பம் செய்துகொண்டபோது, பசிக்கும் முன்பாகவே எனக்கு எதிரே வந்து நின்றது அந்த எண்ணந்தான்.

எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில், கலியாணம் முடிந்து மறுவீட்டுப் பந்தியில் சொதி பரிமாறுவது சம்பிரதாயம். தேங்காயைத் துருவிப் பிழிந்து மூன்று பாலாகப் பிரித்தெடுத்து, பின்பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவிட்டு, இறக்கும் தறுவாயில் தலைப்பாலைச் சேர்த்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியோடு இலையில் விடுவார்கள். தேங்காய்ப் பாலின் கனம் ஜீரணமாவதற்கு இஞ்சி வேண்டும் என்று அறிந்திருந்த அந்தப் பெரியவர்கள், சொதி விசேஷ நாளுக்கு உரிய பதார்த்தம் என்பதையும் சேர்த்தே அறிந்திருந்தார்கள். அத்தகைய பந்தி ஒன்றில் நான் இலையின் மேல் கையைக் குவித்துப் போதும் என்றபோது, பரிமாறிக்கொண்டிருந்த ஆச்சி கரண்டியைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றார்.

“என்னய்யா, மேலுக்குச் சொகமில்லையா? மொகமெல்லாம் வாடிக் கெடக்கே, சீனி கீனி வந்திருக்கா?”

“இல்லை ஆச்சி, நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் குறைச்சுக்கிடுதேன்.”

“நல்லா இருக்கவன் எதுக்குய்யா குறைக்கணும்? ஒரு கரண்டிதான். எனக்காகச் சாப்பிடு.”

எனக்காக என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மறுமொழி கூறுவது எவ்வளவு கடினம் என்பதை, இந்த நாட்டில் விருந்துண்டவர்கள் எல்லோரும் அறிவார்கள். அன்பைச் சோற்றாலும் குழம்பாலும் அல்லாமல் வேறு விதமாக வெளியிடும் வாய்ப்பே வாய்க்காத பெண்மணிகள் எத்தனையோ பேர். அவர்கள் நீட்டும் கரண்டியை மறுப்பது அவர்களையே மறுப்பதாக முடிந்துவிடக்கூடாது அல்லவா? சரீரத்தைச் சீர்செய்ய முற்படுபவன், முதலில் உறவைக் காயப்படுத்தாமல் மறுக்கும் கலையைக் கற்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து பேசி, சமையலைப் புகழ்ந்து, சிறிதளவு வாங்கி, அதை நிதானமாக ருசித்து உண்டால், எந்த ஆச்சியின் மனமும் குளிரும் என்பதை நான் காலக்கிரமத்தில் அறிந்தேன்.

உணவைக் குற்றம் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலை வேளையில் விற்கும் அல்வாவும், கல்லிடைக்குறிச்சி அப்பளமும், சொதியும், வாழைக்காய் வறுவலும் நம் பாட்டனார் காலத்திலும் இருந்தன. அவற்றைத் தாங்கி நின்ற உழைப்புத்தான் இப்போது இல்லை. விடியற்காலையில் ஆற்றுக்கு நடந்து சென்று குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பிய நடையும், நாற்று நட்டுக் களை பறித்துக் கதிர் அறுத்த வேலையும், ஆட்டுரலிலும் அம்மியிலும் பெண்கள் செலுத்திய பலமும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843ஆம் ஆண்டில் எழும்பிய பிறகும் வெகுகாலம் வரை, அதன் மீது சென்றவர்களில் மிகுதியானவர்கள் நடந்தே சென்றிருப்பார்கள். இன்று அதே பாலத்தைக் கால் தரையில் படாமல் கடந்துவிடுகிறோம். பத்தமடைப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து உண்டு, கையை ஊன்றாமல் எழுந்தவர்களின் பேரர்கள், நாற்காலியிலிருந்து எழுவதற்கே கைப்பிடியைத் தேடுகிறோம்.

சிறிய அசைவுகளை அற்பமென்று தள்ளிவிடலாகாது என்பதற்கு, லண்டன் மாநகரத்துப் பேருந்துகளே சாட்சியம் கூறின. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் 1953இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாள் முழுதும் உட்கார்ந்து வண்டியோட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஓயாமல் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாகவே கண்டிருந்தது. ஒரே ஊரில், ஒரே வண்டியில் வேலை செய்தவர்கள் அவர்கள். தேகப்பயிற்சி என்ற பெயர் சூட்டப்படாத உழைப்பே அந்த நடத்துநர்களைக் காத்தது போலும் என்ற எண்ணம், அதன் பின் நடந்த எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு வழி திறந்தது.

என் விஷயத்தில், மருத்துவர் எடை பார்க்கும் இயந்திரத்தைக் காட்டுவதற்கு முன்பாக என் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்னும் எல்லையைக் கடந்தால் நம் நாட்டவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றார். நமக்குக் கை கால்கள் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்புச் சேரும் சுபாவம் உண்டு. ஆகவேதான், உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண் உலகப் பொது அளவின்படி 25ஐத் தாண்டினால் அதிக எடை என்று கொள்ளும்போது, இந்தியர்களுக்கு 23லேயே அந்த எல்லை தொடங்கிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. கல்யாண வீட்டில் ஆச்சி கேட்ட கேள்வியின் விபரீதம் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை வந்ததால் இளைத்தாயா என்று கேட்கிறார்கள்; சர்க்கரை வராதிருக்க இளைக்கலாம் என்பது இன்னும் ஊருக்குத் தெரியவில்லை.

எடையைக் குறைக்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு விரதமாகவே மேற்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். விரதம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஐப்பசி அமாவாசை கழிந்த மறுநாள் முதல், திருச்செந்தூர் முருகனை நினைத்து ஆறு நாள் பாலும் பழமுமாகக் கந்த சஷ்டி நோற்கும் அன்பர்கள் எங்கள் ஊரில் ஏராளம். சூரசம்ஹாரம் முடிந்தால் விரதமும் முடியும்; முடிவு தெரிந்திருப்பதால்தான் பசியைத் தாங்கும் பலம் பிறக்கிறது. ஆன்ம லாபத்துக்காக ஏற்பட்ட அந்த முறை அதற்குரிய இடத்தில் பரிபூரணமானது. ஆனால் எடை குறைப்புக்கு அதே மனப்பான்மையைக் கொண்டுவந்தால், மனம் முதல் நாளிலிருந்தே முடிவு நாளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. குறித்த எடை வந்ததும் பாரணை செய்துவிடுகிறது. போன எடை, போன வேகத்திலேயே திரும்பியும் வந்துவிடுகிறது.

இப்படித் திரும்பி வருவதை வைராக்கியக் குறைவு என்று சொல்லி மனிதர்களை வெட்கப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் பாதியளவு உணவே கொடுத்துப் பார்த்தார். திடகாத்திரமான அந்த இளைஞர்களுக்கு நினைவெல்லாம் உணவாகவே ஆனது, உற்சாகம் குன்றியது, குளிர் தாங்க முடியவில்லை, உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. 2016இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக வேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்ததோடு, ஓய்வு நிலையில் அவர்கள் உடல் செலவழிக்கும் சக்தி, எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று சரீரம் அஞ்சுகிறது. கஜானாவைப் பூட்டி, வரவுக்காகக் காத்திருக்கும் அமைச்சனைப் போல நடந்துகொள்கிறது. எண்ணற்ற தலைமுறைகளை உயிரோடு வைத்திருந்த அந்த எச்சரிக்கையை நாம் பகையாகக் கருதலாகாது.

உடம்பை அச்சுறுத்தாமல், அதற்கே தெரியாதபடி மெல்ல மெல்ல வேறு பாதையில் அழைத்துச் செல்வது ஒன்றே வழி என்று எனக்குப் புலப்பட்டது. அதற்கு வேண்டியது வழக்கம். வழக்கத்துக்கு முடிவு நாள் இல்லை. ஆகவே அதில் எவ்வளவு கடுமையை ஆயுள் முழுதும் தாங்க முடியுமோ, அவ்வளவு கடுமையே இருக்கலாம். திருக்குறளில் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தின் 10 குறள்களில் சரிபாதிக்கு மேல், உண்ணும் அளவைப் பற்றியும் முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பதைப் பற்றியுமே பேசுகின்றன. வள்ளுவர் அங்கே பட்டினியை விதிக்கவில்லை; நாள்தோறும் கைக்கொள்ளக்கூடிய ஒரு நிதானத்தையே விதிக்கிறார்.

எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இலையிலிருந்து தொடங்கிற்று. முன்பெல்லாம் இலையின் நடுவில் சோறு குன்றாகக் குவிந்திருக்க, அவரையும் கீரையும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். இப்போது கறியும் கூட்டும் முதலில் வந்து பாதி இலையைப் பிடித்துக்கொள்கின்றன. பயறோ பருப்போ தவறாமல் இடம் பெறுகிறது. மிஞ்சிய இடத்துக்குத்தான் சோறு. எனக்கென்று தனிச் சமையல் வேண்டாம் என்பதில் என் மனைவி உறுதியாக இருந்தாள். அந்த உறுதிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். வீட்டில் ஒருவனுக்கு மட்டும் வேறு உணவு என்று ஆனால், அவன் தன் வீட்டிலேயே நோயாளியாகி விடுகிறான்; எல்லோரும் ஒன்றையே உண்ணும்போது அது குடும்பத்தின் பழக்கமாகி, யாருக்கும் பாரமில்லாமல் நடக்கிறது. அல்வாவை நாங்கள் விலக்கவில்லை. விசேஷ நாளில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கி, வீட்டில் உள்ளவர்கள் பங்கிட்டு உண்கிறோம்.

நடைக்குக் குறுக்குத்துறைப் படித்துறையை ஒட்டிய வழியும், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானமும் எனக்குத் துணையாயின. ஆற்றின் நடுவே நிற்கும் முருகன் கோயில் வரையில் நடந்து திரும்புகிற அந்தக் காலை வேளையைத் தேகப்பயிற்சி என்று நினைப்பதை விட்டபோதுதான் அது நிலைத்தது. நடை ஒன்றே போதும் என்று எண்ணிவிடக்கூடாது என்பதையும் அனுபவம் போதித்தது. வயது ஏற ஏறத் தசை தேய்கிறது. பசியால் மட்டும் எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. ஆகவே பலத்தை வளர்க்கும் பயிற்சியும் அவசியம். பத்தமடையில் 1887இல் பிறந்து, மருத்துவம் கற்று, மலாயாவில் வைத்தியராகப் பணியாற்றிப் பின் ரிஷிகேசத்தில் துறவியாக வாழ்ந்த சுவாமி சிவானந்தர், ஆசனங்களைக் குடும்பஸ்தர்களுக்கும் உரியனவாக எளிய நூல்களில் எடுத்துரைத்தது, வைத்தியராக நோயாளிகளை நேரில் கண்ட அனுபவத்தினாலும் இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. உட்கார்ந்து எழுவதும், சுவரைத் தள்ளுவதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் கூடப் போதிய தொடக்கமே.

வழக்கத்துக்கும் சோதனை வரும். வடகிழக்குப் பருவத்தில் நாட்கணக்காக மழை பிடிக்கும், காய்ச்சல் வரும், துக்க வீட்டுக்குப் போய்ப் பல நாள் இருக்க நேரும், எடை காட்டும் முள் மாதக்கணக்கில் அசையாது. விரதம் ஒரு நாள் முறிந்தால் பங்கமாகிவிடுகிறது. வழக்கம் ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்கிறது. முள் அசையாத மாதங்களில் வேறு அடையாளங்களைப் பார்க்கப் பழகினேன். பாபநாசத்தில் அகஸ்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தத்துக்கு ஏறும் வழியில், முன்பு பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்தைப் பேச்சு நிறுத்தாமல் கடந்து சென்றபோது உண்டான ஆனந்தத்தை எந்த எடைக்கருவியும் எனக்கு அளித்ததில்லை. உடம்பு நாம் ஏவிய காரியத்தைச் செய்து முடிப்பதே ஆரோக்கியத்தின் பிரத்தியட்ச லட்சணம்.

இதில் எனக்கு ஆழ்ந்த கவலை ஒன்று உண்டு. காலையில் ஆற்றங்கரையில் நடப்பவர்களில் ஆண்களே மிகுதி. அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். எல்லோரும் உண்ட பிறகு, மிஞ்சிய சோறு வீணாகக்கூடாதே என்று அதையும் சேர்த்து உண்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையை விதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் நமக்காக ஒழித்துக்கொள்ள முடிகிறது என்றால், அந்த ஒரு மணி நேரத்தின் வேலையை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது. காப்பி போடுவதையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வதையும் ஆண்கள் பங்கிட்டுக்கொண்டால், மனைவியும் மதினியும் தாயாரும் நடக்க வருவார்கள். நகரசபையார் தம் பங்குக்கு ஆற்றங்கரை வழிகளைச் சுத்தமாகவும் வெளிச்சமாகவும் வைத்து, நடைபாதையை நடப்பவர்களுக்கே விட்டுவைக்க வேண்டும்.

ஆகவே, எடையைக் குறைக்க எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எத்தனை நாளில் எவ்வளவு குறைப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு, இன்று செய்யும் இந்தக் காரியத்தை எழுபதாவது வயதிலும் செய்வேனா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்று மனம் சொல்லுமாயின், அது எவ்வளவு சிறிதாயினும் இன்றே தொடங்குங்கள். வீட்டாரையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் தன் வயலாலும் ஆற்றாலும் ஊரார் அனைவருக்கும் கேளாமலே கொடுத்த தேக உழைப்பை, இனி நாம் நம் பிள்ளைகளுக்கு வீட்டுப் பழக்கமாகத்தான் கொடுத்துச் செல்ல முடியும்.