அளவும் நியாயமும்

ரேஸ் சைக்கிள் பிரேமை 54, 56 என்று ஸீட் குழாயின் சென்டிமீட்டர் கணக்கில் வாங்குவது நெடுநாள் வழக்கம். இந்த எண் காலை மட்டுமே விசாரிக்கிறது. காலளவு ஒன்றான இருவருக்கு முதுகின் நீளமும் கையின் நீளமும் ஒன்றாக இருப்பதில்லை. ஸீட்டை ஏற்றி இறக்கிக் காலைச் சமாதானப்படுத்தலாம். பெடல் அச்சிலிருந்து பிரேமின் தலைக்குழாய் எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்ற இரண்டும் பற்றவைத்தபோதே தீர்மானமானவை. அவை பொருந்தாவிட்டால் கழுத்தும் மணிக்கட்டும் வருஷக்கணக்கில் வட்டி கட்டும்.

பிரேமுக்கு வேறு அளவு வாங்கிக்கொள்ளலாம். விதிக்கு? 2000களில் சர்வதேசச் சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி ஸீட்டின் முனை பெடல் அச்சுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கவேண்டியிருந்தது. எல்லோருக்கும் அதே 5. நெட்டையானவர் அதைக் கவனிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தொடை குட்டையானவர் உடலமைப்பைக் காரணம் காட்டி விலக்குக் கேட்க முடிந்தது. அதாவது ஒருவருக்கு அது விதி, மற்றவருக்கு மனு.

ஆளுக்கொரு விதி என்றால் போட்டியே இல்லை என்பது உண்மைதான். ஆனால் விலக்கு அளிப்பது தாராளம். தாராளத்தை நியாயம் என்று எண்ணிக்கொள்வது சௌகரியம். அந்த 5 யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்ட பிறகே நியாயத்தைப் பற்றிப் பேச முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.